சேமியாவுக்கு வயிறு சரியில்லை

நவம்பர் 9, ஞாயிறு

தினமும் எழுதி வைக்க வேண்டுமாம். என்ன தின்றது, எப்போது தின்றது, எப்போது வெளிக்குப் போனது, தோல் உரித்ததா இல்லையா. மிருதுளாவின் உத்தரவு. அவள் என் கணவரின் மகள். பத்தொன்பது வயது. அவளுடைய அம்மா இறந்து சில வருடங்கள் கழித்து இவரைக் கட்டிக்கொண்டு நான் இந்தக் குன்னூர் வீட்டுக்கு வந்தேன். இரண்டு வருடம் ஆகிறது. இந்த இரண்டு வருடத்தில் அவள் என்னிடம் சேர்ந்தாற்போல் நாலு வாக்கியம் பேசியது நேற்றுதான். அதுவும் பாம்பைப் பற்றி.

அடிவாரத்தில் இருக்கும் கல்லூரிக்குத் தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள். போன வாரம் அப்பாவோடு சண்டை. அவள் குளிக்கப் போன நேரத்தில் இவர் அவளுடைய செல்போனை எடுத்துப் பார்த்துவிட்டாராம். எந்த அப்பாதான் பார்க்கமாட்டார்? அதற்குப் போய் தாய்மாமாவைக் கூப்பிட்டு, ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாள். ஹாஸ்டலில் பாம்பு வைத்துக்கொள்ள முடியாது. அதனால் அது என் தலையில்.

பெயர் சேமியா. ஆப்பிரிக்கா பக்கத்து மலைப்பாம்பு வகை. விஷம் கிடையாது. என் முழங்கை அளவு கூடத் தடிமன் இல்லை. மாமா வாங்கிக் கொடுத்தது, பதிவு செய்த காகிதமெல்லாம் இருக்கிறது. அவள் அறையில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதன் அடியில் சூடேற்றும் பாய், உள்ளே ஒளிந்துகொள்ள ஒரு கவிழ்த்த மண்சட்டி.

"சித்தி, சூடு முப்பத்திரண்டுக்குக் கீழ போகக் கூடாது. சுவிட்சைத் தொடவே தொடாதீங்க" என்றாள். சித்தி என்பதை அவள் சொல்லும் விதத்தில் ஒரு குத்தல் இருக்கும். நேற்றும் இருந்தது.

பதினோரு வருடம் மேட்டுப்பாளையத்தில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள் நான். எத்தனையோ பேருக்கு பெட்பேன் வைத்திருக்கிறேன். இப்போது பாம்புக்கு.

இவர் சிரித்தார். "நீ எதுக்கு ரேணு இதெல்லாம் தொடறே? செத்தா சாவட்டும்னு விட்டுரு" என்றார். வேடிக்கையாகத்தான்.

நவம்பர் 12, புதன்

முதல் தீனி. உறைய வைத்த எலி. அதற்கென்று மாடிப்படிக்கு அடியில் ஒரு குட்டி ஃப்ரீசர் இருக்கிறது. டப்பாவைத் திறந்தால் வெள்ளை எலிகள் வரிசையாகப் படுத்திருக்கின்றன, வாலைச் சுருட்டிக்கொண்டு.

மைக்ரோவேவில் வைத்து எடுத்துவிடலாமா என்று போனில் கேட்டேன்.

"ஐயோ! வெடிச்சிரும். வெந்நீர்ல ஊற வைங்க. உள்ள ஐஸ் இருந்தா அதுக்கு வயிறு கெட்டுரும்."

"ஒரு தடவை சொன்னா புரியும். கத்தாதே."

"நான் கத்தலை."

கத்தினாள். இடுக்கியால் வாலைப் பிடித்து ஆட்டினேன். மண்சட்டிக்குள்ளிருந்து தலை வந்தது, நாக்கு வந்தது. பிறகு ஒரு நொடிதான். எலி சுருளுக்குள் இருந்தது. ஏற்கெனவே செத்ததை இன்னொரு முறை நெரித்துக் கொன்றது. பிறகு தலைப்பக்கமிருந்து விழுங்கியது. தாடை ஒரு பக்கம் நகர்ந்தது, அப்புறம் மறு பக்கம். அருவருப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது கூடத் தெரியாமல் நின்று பார்த்தேன்.

நவம்பர் 13

இரண்டு நாளைக்கு அதைத் தூக்கக் கூடாதாம். தூக்க வேண்டும் என்று யார் அழுதார்கள்?

நவம்பர் 15, சனி

நடுவயிற்றில் இன்னும் வீக்கம் இருக்கிறது. படித்துப் பார்த்தேன். தின்ற பிறகு இதன் குடலும் ஈரலும் இதயமும்கூடப் பெருக்குமாம், வேலை முடிந்ததும் சுருங்குமாம். எலும்பு முழுக்கக் கரைந்துவிடும். மயிர் மட்டும் கரையாது, கழிவில் வரும். இத்தனையும் நடக்க வெளியிலிருந்து சூடு வேண்டும். நமக்கு உடம்பே அடுப்பு. இதற்கு அடுப்பு வெளியே இருக்கிறது. சூடு இல்லாவிட்டால் எலி உள்ளேயே அழுகும்.

நர்சிங் பள்ளியில் இதைச் சொல்லித் தந்திருந்தால் கவனித்துக் கேட்டிருப்பேன்.

நவம்பர் 17, திங்கள்

கக்கிவிட்டது.

காலையில் அறையைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அறைந்தது. அறுவை சிகிச்சை அறையில்கூட இப்படி ஒரு நாற்றத்தை நான் கண்டதில்லை. பாதி கரைந்த எலி, மயிர் ஒட்டி, நீளமாக. சேமியா மூலையில் சுருண்டு கிடந்தது. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு தொட்டியை மூன்று முறை கழுவினேன். இவர் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் பேசாமல் வராந்தாவில் போய் காபி குடித்தார்.

மிருதுளாவைக் கூப்பிட்டேன்.

"சூடு எவ்வளவு காட்டுது?" என்றாள்.

"முப்பத்திரண்டு. எப்ப பாத்தாலும் முப்பத்திரண்டுதான்."

"ராத்திரியில?"

"ராத்திரி எந்திரிச்சு உன் பாம்புக்குக் காய்ச்சல் பாத்துட்டு இருக்கணுமா நான்?"

"அப்பா அந்த ரூமுக்குப் போறாரா?" என்றாள்.

"அது அவர் வீடு. எந்த ரூமுக்கு வேணாலும் போவாரு."

வைத்துவிட்டாள். நானும் போனை மேசைமேல் வீசினேன். பெற்ற அப்பாவை ஒரு பெண் இப்படிச் சந்தேகமாகக் கேட்பாளா? நான் கழுவிய கழுவலுக்கு ஒரு நன்றி கிடையாது.

நவம்பர் 23, ஞாயிறு

வெறும் தண்ணீர் மட்டும். கக்கிய பிறகு இரண்டு வாரத்துக்குத் தீனி கூடாது, வயிறு ஆற வேண்டும்.

மேட்டுப்பாளையத்தில் ஸ்டெல்லா அக்கா மகளுக்கு இன்று நிச்சயம். என்னோடு ஒரே வார்டில் வேலை பார்த்தவர். போகவில்லை. "இந்தக் குளிர்ல எதுக்கு அலைச்சல்? அவங்கள்லாம் உன்னை இன்னும் நர்ஸாவே பாப்பாங்க" என்றார் இவர். நான் கட்டிக்கொண்டு கிளம்ப எடுத்து வைத்த பட்டுப்புடவையை அவரே மடித்து பீரோவில் வைத்தார். நானாகத்தான் போகவில்லை. மழையும் இருந்தது.

மாலையில் எனக்குக் கம்பளிச் சால்வை வாங்கி வந்தார். இவரைப் போய் அந்தப் பெண்!

டிசம்பர் 4, வியாழன்

சின்ன எலியாக ஒன்று கொடுத்தேன். தின்றது. சாப்பிட மறுத்த நோயாளி கஞ்சி குடித்தால் வார்டில் ஒரு நிம்மதி வருமே, அது வந்தது. உடனே எரிச்சலும் வந்தது. இது யார் நோயாளி?

டிசம்பர் 9, செவ்வாய்

கக்கவில்லை. ஆனால் வெளிக்கும் போகவில்லை. அவள் ஹாஸ்டலுக்குப் போகும் முன்பு கொடுத்த தீனிகளும் வெளியே வரவில்லையாம். அதை இன்றுதான் சொல்கிறாள்! வால் ஆரம்பிக்கும் இடத்துக்கு மேலே தடித்திருக்கிறது. விரலால் மெதுவாகத் தடவினேன். கெட்டியாக இருக்கிறது. எத்தனை வயிறு தொட்டவள் நான், எனக்குத் தெரியாதா? மலச்சிக்கல்.

பிளாஸ்டிக் பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர், அதன் உடம்பு மூழ்கும் அளவுக்கு மட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தலையை என் மணிக்கட்டில் வைத்துக்கொண்டு கிடந்தது. கடைசியில் சுண்ணாம்புக் கட்டிபோல வெள்ளையாக ஒன்று வந்தது. மலம் இல்லை, சிறுநீர்! பாம்புக்குச் சிறுநீர் தண்ணியாக வராது, இப்படிக் கட்டியாகத்தான் வரும். ஒரு சொட்டுத் தண்ணீரையும் வீணாக்காத உடம்பு. கட்டி மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். இது மஞ்சள்.

படம் எடுத்து அனுப்பினேன். "குட்" என்று பதில். அந்த ஒரு சொல்லுக்கு எனக்கு ஏன் சந்தோஷம் வர வேண்டும்? கோபம்தான் வருகிறது, என்மேலேயே.

டிசம்பர் 10

பேசினைக் காணோம். குப்பைத் தொட்டியில் இரண்டாக உடைந்து கிடந்தது. "பாம்பு குளிச்ச பேசின் வீட்டுல எதுக்கு? புதுசு வாங்கியாச்சு" என்றார். புதியது நன்றாகவே இருக்கிறது. அவருக்கு அருவருப்பு. நியாயம்தான்.

டிசம்பர் 11, வியாழன்

தொட்டியில் ஒட்டியிருக்கும் சூடுமானியில் ஒரு பொத்தான் இருக்கிறதாம். அதை அழுத்தினால் அந்த நாளில் இருந்த மிகக் குறைந்த சூட்டைக் காட்டுமாம். மிருதுளா சொல்லித்தான் தெரியும். அழுத்தினேன். பதினைந்து. படம் எடுத்து அவளுக்கும் அனுப்பினேன்.

பதினைந்து! இந்தக் குளிரில் மனுஷனே விறைத்துப் போவான். உடனே மின்வாரிய அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கத்தினேன். "தினமும் ராத்திரி கரண்ட்டை நிறுத்திட்டு விடியறப்ப குடுக்கறீங்களா? ஒரு உயிர் சாகக் கிடக்குது இங்க!" எடுத்தவர் பாவம், வயதானவர் குரல்.

"யாருக்கும்மா ஒடம்பு சரியில்ல?"

"பாம்புக்கு."

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "உங்க லைன்ல கட்டே இல்லைங்களே அம்மா. போன மாசம் மரம் விழுந்தப்ப ஒரு நாள் நின்னுது, அவ்வளவுதான்" என்றார்.

பொய் சொல்கிறான் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டில் கேட்டேன். அவர்கள் வீட்டில் இரவு முழுக்கத் தண்ணீர் சூடாக்கும் பெட்டி ஓடுகிறதாம். கரண்ட் போகவே இல்லையாம்.

சுவிட்ச் லூசாக இருக்கும்.

டிசம்பர் 13, சனி

சுவிட்சைப் போட்டு அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். மருத்துவமனைப் பழக்கம், பிளாஸ்திரி ஒட்டினால் கீழ் முனையைக் கொஞ்சம் மடித்துவிடுவேன். உரிக்கும்போது சுலபமாக வரும்.

டிசம்பர் 14, ஞாயிறு

காலையில் பிளாஸ்திரி சரியாக இருந்தது. சுவிட்சும் போட்டிருந்தது. முப்பத்திரண்டு காட்டியது. ஆனால் மடித்த முனை மேலே இருந்தது.

நானே தலைகீழாக ஒட்டியிருப்பேன்.

டிசம்பர் 15, திங்கள்

புதுப் பிளாஸ்திரி ஒட்டி, மடித்த முனை கீழேதான் இருக்கிறது என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். இன்று காலையில் மடிப்பே இல்லை. நேராக, அழகாக, அளவெடுத்தாற்போல் ஒட்டியிருந்தது. இந்த வீட்டில் தாளை மடித்தாலும் புடவையை மடித்தாலும் ஓரத்தோடு ஓரம் சேர மடிப்பவர் ஒருவர்தான்.

இட்லி செய்தேன். தேங்காய்ச் சட்னி. அவர் நான்கு சாப்பிட்டார்.

டிசம்பர் 16

எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 17, புதன்

மத்தியானம் மிருதுளா கூப்பிட்டாள். எடுத்ததுமே கத்தல்.

"சேமியாவுக்கு நீங்க ஹீட்டரே போடறதில்லையாமே! கரண்ட் வீணாகுதுன்னு அணைச்சு வெக்கறீங்களாமே! பாத்துக்க முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"யார் சொன்னது?"

"அப்பா. போன மாசத்துல இருந்தே சொல்லிட்டிருக்காரு. நான் நம்பலை. நீங்க மூத்திரக்கட்டியெல்லாம் படம் எடுத்து அனுப்பறீங்க, நீங்க எப்பிடி அணைப்பீங்கன்னு நெனச்சேன். ஆனா பதினைஞ்சுன்னா..."

அவளுடைய குரல் உடைந்தது. அப்படி ஒரு கோபம் எனக்கு முன்பு வந்ததில்லை. காதுக்குள் இரைந்தது.

"மிருதுளா, நான் சொல்றதக் கேளு. நான் அணைக்கலை. ஒரு நாளும் அணைக்கலை."

"அப்போ?"

அவளுக்குத் தெரியும். என் வாயால் கேட்க வேண்டும் என்று காத்திருந்தாள். நான் சொல்லவில்லை. பிளாஸ்திரியைப் பற்றி மட்டும் சொன்னேன். முனையை எந்தப் பக்கம் மடித்தேன் என்று இரண்டு முறை கேட்டாள்.

டிசம்பர் 18, வியாழன்

காலையில் வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"சுவிட்சை யாரு அணைக்கிறது?" என்று கேட்டேன்.

"எந்தச் சுவிட்சு ரேணு?"

"நான் ஹீட்டர் போடறதில்லைன்னு மிருதுளாகிட்ட சொன்னீங்களா?"

பேப்பரை ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்தார். "நீ மறந்திருப்பியோன்னு நெனச்சேன். உனக்கு இப்பல்லாம் மறதி ஜாஸ்தியாவுது."

"பிளாஸ்திரியை உரிச்சு ஒட்டினது யாரு? அதையும் நான் மறந்துட்டனா?"

அவர் வெட்கப்படவில்லை. பிடிபட்ட முகம் ஒன்று உண்டே, அதுகூட இல்லை. சின்னக் குழந்தைக்கு விளக்குவதுபோலச் சொன்னார்.

"ஒரு பாம்பு, ரேணு. ஊர்ல கண்டா அடிச்சுக் கொல்றாங்க. நான் தடியெடுத்தனா? அது இருக்கற வரைக்கும் அவளுக்குத் திமிரு. அது போச்சுன்னா ஒரு வாரம் அழுவா, அப்புறம் வீட்டுக்கு வந்துருவா. பெத்த பொண்ணு வீட்டோட இருக்கணும்னு நெனைக்கறது தப்பா?"

"நான் கொன்னுட்டேன்னு நெனச்சிருப்பா."

"உனக்கும் அவளுக்கும் எப்பிடியும் ஆகாதே. அதுல புதுசா என்ன கொறையப் போவுது?"

காபி டம்ளரை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். சமையலறைக்குப் போய்க் கழுவி வைத்தேன். கை அந்த வேலையைத் தானாகச் செய்தது. இதை எழுதும்போது அந்தக் கையை வெட்டிப்போடலாம் போலிருக்கிறது.

இரண்டு வருடமாக அந்தப் பெண்ணை எனக்கு ஆகாதவள் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேனே. யார் சொல்லி நம்பினேன்?

டிசம்பர் 19, வெள்ளி

அவர் ஆபீஸ் போனதும் கிளம்பினேன். தலையணை உறையில் சேமியாவைப் போட்டு முடிந்து, வயர் கூடையில் வைத்து, வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்தேன். மேலே இரண்டு புடவை. இன்னொரு பையில் என் சர்டிஃபிகேட்டுகள். அவற்றை ஏன் எடுத்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

கோயம்புத்தூர் பஸ். கூடையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். வளைவுகளில் கூடை கனத்து ஒரு பக்கம் இழுத்தது.

"ஏனுங்க்கா, கூடையக் கீழ வெக்கலாமுல்லங்க? அப்பிடி என்னங்க அதுல?" என்றார் கண்டக்டர்.

"சேமியாங்க."

"அட, நொறுங்கிருமுன்னுதான் புடிச்சிட்டிருக்கீங்களா?"

"ஆமாங்க."

பர்லியார் தாண்டியதும் வெக்கை வந்தது. உறைக்குள் அது மெல்ல நகர்வது என் தொடையில் தெரிந்தது. அதற்குச் சூடு ஏற ஏற எனக்கும் ஏறியது. இரண்டு வருடத்தில் இந்த மலையை விட்டு எத்தனை முறை இறங்கினேன் என்று நினைத்துப் பார்த்தேன். வாயில் வந்த கெட்ட வார்த்தையை முணுமுணுத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண் தள்ளி உட்கார்ந்தாள்.

பாம்புக்கும் வைத்தியம் பார்க்கும் டாக்டர் ரெஜினாவின் கிளினிக் வாசலில், நான் போனில் சொன்னபடி மிருதுளா வந்து நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, கூடையைத்தான் பார்த்தாள். "இப்பிடியா கொண்டு வருவாங்க?" என்றாள். "பின்ன பல்லக்குலயா கொண்டு வருவாங்க?" என்றேன். டாக்டர் உள்ளே கூப்பிடும்வரை இருவரும் அங்கேயே சண்டை போட்டோம்.

எக்ஸ்ரேயில் கடைசிக் குடல் முழுக்க அடைத்துக் கிடந்தது. டாக்டர் சின்னப் பெண், கண்ணாடி போட்டிருந்தார். "குளிர்ல செரிமானம் நின்னுருது. உள்ள இருக்கறதுல இருந்து தண்ணிய மட்டும் உடம்பு உறிஞ்சிக்கும். மிச்சம் கல்லாயிரும். இன்னும் ரெண்டு வாரம் போயிருந்தா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்றார். வெதுவெதுப்பான தண்ணீரை மெல்லிய குழாய் வழியே உள்ளே ஏற்ற வேண்டும், பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்.

"நான் பிடிக்கறேன். நான் நர்ஸ்" என்றேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்து நாளாகிவிட்டது.

தலைப்பக்கம் மிருதுளா, வால்பக்கம் நான். டாக்டர் மெதுவாக அழுத்தி அழுத்தி நகர்த்தினார். முதலில் மஞ்சள் கட்டி. பிறகு கறுப்பாக, கெட்டியாக, எலி மயிர் பின்னிய ஒரு உருண்டை. அதன் பின்னால் ஒரேயடியாக எல்லாம். என் கை, புடவை, மேசை, டாக்டரின் கண்ணாடி வரைக்கும்! நாற்றத்தில் வெளியே இருந்த நாய்க்குட்டி ஊளையிட்டது. மிருதுளா அழுதுகொண்டே சிரித்தாள். நானும்தான்.

கை கழுவும்போது அவள் சொன்னாள். குரலில் எதுவும் இல்லாமல் சொன்னாள்.

"எனக்கு ரெண்டு முயல் இருந்துச்சு. பன்னெண்டு வயசுல. அப்பாவக் கேக்காம டூருக்குப் பேரு குடுத்தேன். திரும்பி வந்தப்ப ரெண்டும் செத்துக் கெடந்துச்சு. தண்ணிக் கிண்ணம் காஞ்சு கெடந்துச்சு. நீதான் தண்ணி வெக்க மறந்துட்டுப் போயிட்டேன்னாரு. நான் வெச்சேன், எனக்கு ஞாபகம் இருக்கு. ஆனா ஒவ்வொரு வருஷமும் அந்த ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமா சந்தேகமாயிட்டே வந்துச்சு. உங்க பிளாஸ்திரியப் பத்திச் சொன்னீங்கல்ல, அன்னைக்குத்தான்..."

குழாயை நிறுத்தாமல் நின்றோம். அந்தக் குழந்தையின் இரண்டு முயல்களுக்காக நான் அவரை அங்கேயே நின்று சபித்தேன். வாய்விட்டு. டாக்டர் திரும்பிப் பார்த்தார்.

"எங்க போவீங்க இப்ப?" என்றாள்.

"மேட்டுப்பாளையம். ஸ்டெல்லா அக்கா வீட்டுக்கு. பாம்பு வரும்னு இன்னும் சொல்லல."

டிசம்பர் 22, திங்கள்

ஸ்டெல்லா அக்கா சேமியாவைப் பார்த்ததும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். பிறகு பின்னறையைக் காலி செய்து கொடுத்தார். "கதவை மட்டும் சாத்தி வெச்சுக்கடி, வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றார். எதையுமே கேட்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு எனக்குப் பிடித்த கத்தரிக்காய் வைத்தார்.

மிருதுளாவும் அவள் மாமாவும் நேற்றே குன்னூர் போய்த் தொட்டியையும் ஃப்ரீசரையும் எடுத்து வந்துவிட்டார்கள். இவர் ஒன்றும் தடுக்கவில்லையாம். மாமாவுக்கு டீ போட்டுக் கொடுத்தாராம்.

டிசம்பர் 26

தினமும் போன். "ஊர்ல எல்லாரும் கேக்கறாங்க ரேணு, நான் என்னன்னு சொல்றது? உனக்கு ஒடம்பு சரியில்லைன்னு சொல்லி வெச்சிருக்கேன்." நான் திரும்பி வர ஒரு காரணத்தையும் அவரே தயாரித்து வைத்திருக்கிறார்! அவருடைய எண்ணை என் போனில் பிளாக் செய்து வைத்தேன்.

ஜனவரி 5, திங்கள்

பழைய மருத்துவமனையில் எடுத்துக்கொண்டார்கள். பொது வார்டு, பகல் இரண்டு மணி ஷிஃப்ட். கால் வலிக்கிறது. யூனிஃபார்ம் இடுப்பில் பிடிக்கிறது. கோபத்தில் ஊசி போடாதே என்று என்னிடம் நானே சொல்லிக்கொண்டேன். ஒரு தாத்தா, "ஊசி குத்தினதே தெரியலைம்மா" என்றார்.

ஜனவரி 9

சின்ன எலி கொடுத்தேன். தின்றது. மிருதுளா போன சனிக்கிழமை வந்து பார்த்தாள். என் புடவை நிறம் சேமியாவுக்குப் பிடிக்கவில்லை என்றாள். பாம்புக்கு நிறம் சரியாகத் தெரியாது, படித்திருக்கிறேன், உனக்குத்தான் பிடிக்கவில்லை என்றேன். ஆமாம் என்றாள்.

ஜனவரி 21, புதன்

காலையில் சேமியா தானாகவே வெளிக்குப் போனது. யாரும் அழுத்தவில்லை, குழாய் போடவில்லை. மண்சட்டிக்குப் பக்கத்தில், பழுப்பாக, ஈரமாக, பக்கத்தில் சுத்த வெள்ளையாக ஒரு கட்டி. வெள்ளை! நல்ல ஆரோக்கியமான உடம்பின் கழிவு. நாற்றம் குடலைப் பிடுங்கியது. படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் இவர் குரல்.

தனியாக வரவில்லை. ஆபீஸில் இவருக்கு மேல் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற சண்முகநாதன் சாரைக் கூட்டி வந்திருந்தார். கையில் ஆப்பிள் பை. நாலு பேர் மதிக்கும் மனிதரை அருகில் வைத்துக்கொண்டால் நான் வாய் திறக்கமாட்டேன் என்று கணக்கு.

"உக்காருங்க, சுத்தம் பண்ணிட்டு வர்றேன்" என்றேன்.

அவசரப்படவில்லை. காகிதத்தை மடித்து எடுத்தேன். தரையைத் துடைத்தேன். புதுக் காகிதம் விரித்தேன். தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவி நிரப்பினேன். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். கூடத்துக்கு வந்தபோது இவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்.

சார் சங்கடத்தோடு ஆரம்பித்தார். "ஏம்மா, சின்ன விஷயம்னு சேகர் சொன்னாரு. ஒரு சின்ன விஷயத்துக்குக் குடும்பத்தை விட்டு வரலாமா?"

"சின்ன விஷயந்தான் சார். ஒரு சுவிட்சு. தினமும் நான் படுத்ததும் அணைச்சாரு. நான் எந்திரிக்கறதுக்கு முன்னாடி போட்டாரு. அந்தப் பாம்பு குளிர்ல சாகணும், பழி எம்மேல விழணும், இவர் பொண்ணு அழுதுட்டு வீட்டுக்கு வரணும். அவளுக்குப் பன்னெண்டு வயசுல ரெண்டு முயல் செத்துது. இவரையே கேளுங்க, அதுக்குத் தண்ணிய யாரு..."

"நிறுத்துடீ!" என்று இவர் கத்தினார்.

ஸ்டெல்லா அக்கா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். அப்படி ஒரு குரல் இவரிடம் இருப்பது எனக்குத் தெரியாது. இவருக்கே தெரிந்திருக்காது போல, கத்திவிட்டு வாய் மூடாமல் நின்றார். ஆப்பிள் ஒன்று பையிலிருந்து விழுந்து உருண்டது. யாரும் எடுக்கவில்லை.

சண்முகநாதன் சார் கொஞ்ச நேரம் இவரையே பார்த்தார். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "நான் பஸ்ல போயிக்கறேன் சேகர்" என்றார்.

அவர் தெருவில் இறங்கியதும் இவர் என் பக்கம் திரும்பி, பழைய குரலில், "கிளம்பு ரேணு, வீட்டுல போயி பேசிக்கலாம்" என்றார்.

"எனக்கு ரெண்டு மணிக்கு டியூட்டி" என்றேன்.

இவர் காரில் ஏறும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே வந்து தொட்டியின் படத்தை மிருதுளாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். வகுப்பில் இருந்தாளாம், வெளியே ஓடி வந்து கத்தினாள். நானும் பதிலுக்குக் கத்தினேன். இவர் வந்து போனதைச் சொன்னேன். அவள் சிரிப்பை நிறுத்தி, "உங்கள அடிச்சாரா?" என்றாள். இல்லை என்றேன். "ஹாஸ்டல்ல சொல்லிட்டு இன்னைக்கே வர்றேன்" என்றாள். "வேண்டாம், கிளாசுக்குப் போ" என்றேன். "வர்றேன்னு சொல்றேன்ல!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள்.

மருத்துவமனைக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் டிக்கெட்டைக் கசக்கிக்கொண்டே இருந்தேன். பயத்தில் இல்லை. இன்னும் அவ்வளவு கோபம் மிச்சமிருக்கிறது. இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே போய்க் கையெழுத்துப் போட்டேன்.